விடுபட்ட ஆறாம் வினா: ஊடகச் செய்திகளை வினவக் கற்பித்தல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஊடகச் செய்திகளை ஐந்து அடிப்படை வினாக்களால் ஆராயப் பயிற்றும் முறை உலகின் பல பகுதிகளில் ஊடகக் கல்வியின் மையமாக விளங்குகிறது. அம்முறை வாசகரை ஏமாறக்கூடியவராகக் கருதுகிறதேயன்றிப் பிறருக்குக் கேடு விளைவிக்கக்கூடியவராகக் கருதவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். வேப்பம்பட்டுப் பகுதியின் மனை விளம்பரங்கள், 2018இல் பழவேற்காட்டில் நிகழ்ந்த கொலை, 2023இல் புலம்பெயர் தொழிலாளர் குறித்துப் பரவிய காணொளிகள் ஆகியவற்றை முன்வைத்தும், நன்னூலின் வினா, விடை வகைப்பாட்டைத் துணைகொண்டும் அம்முறை இங்கு மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஊடகக் கல்வி, வினா வகை, விடை வகை, நன்னூல், வதந்தி, மனை விளம்பரம், வேப்பம்பட்டு

முன்னுரை

சென்னை மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் மின்சார ரயிலில், ஆவடியைக் கடந்தபின் இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் ஆகிய நிலையங்களை அடுத்து வருவது வேப்பம்பட்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடியிலுள்ள பாதுகாப்புத்துறைத் தொழிற்சாலைகளுக்கும் சென்னை அலுவலகங்களுக்கும் நாள்தோறும் சென்று திரும்புவோர் பலர் வாழும் ஊர் இது. வயல்கள் வீட்டுமனைகளாக மாறிய திருவள்ளூர் மாவட்ட ஊர்களுள் ஒன்று. இங்கு வளரும் மாணவர் எழுத்தறிந்த நாள்முதல் மிகுதியாகப் படித்திருக்கக்கூடிய ஊடகச் செய்தி நாளிதழின் தலைப்புச் செய்தியன்று; மனை விளம்பரம். நெடுஞ்சாலையோரப் பலகையிலும், நாளிதழுக்குள் செருகி வரும் துண்டறிக்கையிலும், இப்போது கைப்பேசியிலும் அது அவரைத் தொடர்கிறது.

அவ்விளம்பரத்தை அவருடைய பெற்றோர் எவ்வாறு படிக்கின்றனர் என்பது நோக்கத்தக்கது. விளம்பரத்தை நம்பி மட்டும் எவரும் முன்பணம் கொடுப்பதில்லை. மூலப்பத்திரம் எங்கே என்று கேட்கின்றனர். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கின்றனர். பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றை ஒப்பிடுகின்றனர். மழைக்காலத்தில் அவ்விடத்தில் நீர் தேங்குமா என்று பக்கத்து வீட்டாரை விசாரிக்கின்றனர். பள்ளிப்படிப்பை முடிக்காதவரும் இவ்வளவும் செய்வார். இன்றைய ஊடகக் கல்வி நூல்கள் பெரும் முயற்சியுடன் கற்பிக்க விழையும் திறன் இதுவே. ஆயினும் அதே குடும்பத்தின் கைப்பேசிக்கு வரும் ஒரு வதந்தி, மூலப்பத்திரம் கேட்கப்படாமலேயே அடுத்த பத்துக் கைப்பேசிகளுக்குச் சென்றுவிடுகிறது. திறன் இருந்தும் அது ஓரிடத்தில் இயங்கி மற்றோரிடத்தில் ஏன் உறங்குகிறது? ஊடகக் கல்வியின் வினாமுறை இக்கேள்விக்கு விடை கூறுகிறதா என்று ஆராய வேண்டியுள்ளது.

ஐந்து வினாக்கள் பிறந்த சூழல்

1982 சனவரி 22 அன்று, மேற்கு செருமனியின் கிரூன்வால்டு நகரில் யுனெசுகோ கூட்டிய கருத்தரங்கில் 19 நாடுகளின் பேராளர்கள் ஊடகக் கல்வி குறித்த அறிக்கையொன்றை ஏற்றனர். ஊடகங்களின் செல்வாக்கை வெறுமனே கண்டிப்பதாலோ ஏற்பதாலோ பயனில்லை, மக்களை அவற்றைத் திறனாயும் நிலைக்கு உயர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். 1985இல் இங்கிலாந்தின் லென் மாஸ்டர்மன் வெளியிட்ட நூல், ஊடகம் உலகைக் காட்டும் சாளரமன்று, உலகைக் கட்டமைத்துத் தரும் ஒன்று என்னும் கருத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 1989இல் ஆசிரியர் கையேடு வெளியிட்டது. இம்மரபின் தொடர்ச்சியாக, அமெரிக்காவில் எலிசபெத் தோமன் நிறுவிய ஊடகக் கல்வி மையம் ஐந்து வினாக்களை வகுத்தது. செய்தியை உருவாக்கியவர் யார், கவனத்தை ஈர்க்கக் கையாண்ட உத்திகள் யாவை, வேறொருவர் இதனை எவ்வாறு வேறாகப் புரிந்துகொள்வார், எந்த விழுமியங்களும் பார்வைகளும் இடம்பெற்றுள்ளன அல்லது விடுபட்டுள்ளன, இச்செய்தி ஏன் அனுப்பப்படுகிறது என அவற்றைச் சுருக்கலாம். ஊடகக் கல்வி குறித்த பாடத்திட்டங்களும் பயிலரங்குகளும் பெரும்பாலும் இவ்வைந்தையே சிற்சில மாற்றங்களுடன் வழங்குகின்றன.

இவை தொலைக்காட்சிக் காலத்தில் வேரூன்றியவை. ஒருபுறம் பெருநிறுவனம், மறுபுறம் கூடத்தில் அமர்ந்திருக்கும் பார்வையாளர் என்னும் காட்சி அவற்றின் பின்னணியாக உள்ளது. அக்காட்சியில் இழப்புக்கு ஆளாகக்கூடியவர் பார்வையாளரே. ஆகவே ஐந்து வினாக்களும் அவரைக் காக்கும் கேடயங்களாக அமைந்தன. பின்னாளில் செய்தியை உருவாக்குவோருக்கும் பொருந்துமாறு அவ்வினாக்கள் திருப்பி எழுதப்பட்டன என்பது உண்மை. எனினும் கைப்பேசியில் வந்ததை அப்படியே அனுப்புபவர் படைப்பாளருமல்லர், வெறும் பார்வையாளருமல்லர். அவருக்கென ஒரு வினா இம்முறையில் இல்லை.

மனை விளம்பரமும் விடை வகைகளும்

ஐந்து வினாக்களும் மிகச் சிறப்பாகப் பணிசெய்யும் இடம் விளம்பரம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வேப்பம்பட்டின் மனை விளம்பரத்தை அவற்றுக்கு உட்படுத்தினால் பயன் கிட்டும். ஆனால் தமிழ் மாணவரிடம் அவற்றைவிட நுட்பமான ஒரு கருவி முன்பே உள்ளது. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்துள்ளார். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இவை இலக்கணப் பகுதியாக இடம்பெற்றுள்ளன. மாணவர் இவற்றைத் தேர்வுக்கெனப் படித்து மறந்துவிடுவது வேறு செய்தி.

எட்டு விடைகளுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படையான விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் விடையாவன. விளம்பரம் இக்குறிப்பு விடைகளின் களம். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் உண்டா என்பது வாங்குபவர் மனத்திலுள்ள வினா. ‘பஞ்சாயத்து அங்கீகாரம் பெற்றது’ என்றோ ‘வங்கிக் கடன் வசதி உண்டு’ என்றோ விளம்பரம் விடையிறுத்தால் அது இனமொழி விடை; கேட்டதை விட்டு அதற்கு இனமான மற்றொன்றைக் கூறுவது. மெட்ரோ ரயில் உண்டா என்னும் வினாவுக்கு ‘வரவிருக்கிறது’ என்பது உறுவது கூறலை ஒத்தது. கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகத் திட்டமிடப்பட்டுள்ள மெட்ரோ நீட்டிப்பு பட்டாபிராமோடு முடிகிறது. வேப்பம்பட்டு அதற்கு மேற்கே மூன்றாவது ரயில் நிலையம். ரயில் நிலையம் எவ்வளவு தொலைவு என்பதற்கு ‘ஐந்து நிமிடம்’ என்பது விடையன்று. தொலைவைக் கேட்டால் காலத்தைக் கூறும் இவ்விடையை அடுத்து, நடந்தா வண்டியிலா, இருப்புப்பாதையின் எந்தப் பக்கம், கடவுப்பாதையில் காத்திருக்கும் நேரம் அந்த ஐந்து நிமிடத்துள் அடங்குமா என்னும் வினாக்கள் எழ வேண்டும்.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கதை எழுதத் தெரியுமா என்ற வினாவுக்குக் கட்டுரை எழுதத் தெரியும் என ஒருவர் கூறினால், கதை எழுதத் தெரியாது என்பதைக் கேட்பவர் உணர்ந்துகொள்வார். இலக்கணம் கூறும் இனமொழி விடை இல்லாமையை நாகரிகமாக அறிவிப்பது. விளம்பரத்தின் இனமொழி விடையோ அதே வடிவத்தைக் கொண்டு இல்லாமையை மறைக்கிறது. வடிவம் ஒன்று, பயன் எதிர்மாறு. எந்த உத்தி கையாளப்பட்டுள்ளது என்னும் பொதுவான இரண்டாம் வினா இவ்வளவு நுட்பமாகச் செல்வதில்லை. நன்னூலின் வகைப்பாட்டை விளம்பரத்தின்மேல் வைத்துப் பயிற்றினால் இலக்கணமும் உயிர்பெறும், விளம்பரமும் வெளிப்படும்.

இதற்கு மேல் சட்டமும் துணைநிற்கிறது. 2016ஆம் ஆண்டின் நில மனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பதிவு எண்ணையும் ஆணையத்தின் இணைய முகவரியையும் விளம்பரத்தில் குறிப்பிட வேண்டுமெனக் கூறுகிறது. 12ஆம் பிரிவு பொய்யான விளம்பரத்தை நம்பி இழந்தவருக்கு இழப்பீடு பெறும் உரிமையை வழங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017இல் அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டதும் இப்பகுதிக் குடும்பங்கள் பல நேரடியாக அறிந்த வரலாறு. விளம்பரத்திலுள்ள எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கும் மாணவர், செய்தியை விட்டு வெளியேறிச் சரிபார்க்கும் பழக்கத்தை அப்போதே கைக்கொள்கிறார்.

இப்பழக்கத்தின் சிறப்பு ஆய்வால் உறுதிப்பட்டுள்ளது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றறிஞர் 10 பேர், செய்தி சரிபார்ப்போர் 10 பேர், மாணவர் 25 பேர் இணையப் பக்கங்களை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்று நோக்கப்பட்டது. வரலாற்றறிஞரும் மாணவரும் பக்கத்துக்குள்ளேயே நின்று ஊன்றிப் படித்து ஏமாந்தனர். செய்தி சரிபார்ப்போரோ பக்கத்தை விட்டு விரைவில் வெளியேறி, அதனைப் பற்றிப் பிறர் கூறுவதைத் தேடினர். ஐந்து வினாக்களுள் பெரும்பாலானவை செய்திக்குள்ளேயே நின்று விடை தேடத் தூண்டுபவை என்பதை இவ்வாய்வு மறைமுகமாகச் சுட்டுகிறது. வில்லங்கம் போட்டுப் பார்க்கும் வேப்பம்பட்டுக் குடும்பம் இதனை எவரிடமும் பயிலாமலே அறிந்துள்ளது.

பழவேற்காடு, 2018

வேப்பம்பட்டு அமைந்துள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோர ஊர் பழவேற்காடு. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துபவர் என ஐயுற்று ஒருவரை அங்கு அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டனர். ஏறத்தாழ அதே நாளில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னைக் குடும்பம் ஒன்று தாக்கப்பட்டது. 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். வழியில் கண்ட குழந்தைகளுக்கு அவர் இனிப்பு கொடுத்ததே ஐயத்துக்குக் காரணமாயிற்று என அப்போது செய்திகள் வெளியாயின. வடமாநிலத்தவர் குழந்தை கடத்த வந்துள்ளனர் என்னும் குரல்பதிவுகளும் காணொளிகளும் அதற்கு முந்தைய வாரங்களில் வடதமிழ்நாட்டு மாவட்டங்களில் பரவியிருந்தன. வடமாநிலத்தவரைக் குறித்த வதந்தி ஒரு தமிழ் மூதாட்டியைக் கொன்றது.

அவ்வாண்டில் இந்தியாவெங்கும் பரவிய காட்சிகளுள் ஒன்று, இருசக்கர வண்டியில் வருவோர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வதைக் காட்டியது. அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படத்தின் ஒரு பகுதி. மூலப் படத்தின் இறுதியில் குழந்தை திருப்பி விடப்படும். அறிவிப்புப் பலகையும் காட்டப்படும். அவ்விறுதி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் அஜயன் பாலாவின் ‘திரைமொழி’ என்னும் கட்டுரை இடம்பெற்றுள்ளது. துண்டுக்காட்சிகளின் சேர்க்கையில் பொருள் பிறப்பதைப் பயிலும் மாணவருக்கு, ஒரு துண்டை நீக்கினால் ஓர் உயிர் போகும் என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

இக்காணொளியின்மேல் ஐந்து வினாக்களைச் செலுத்திப் பார்க்கலாம். உருவாக்கியவர் யார் என்பதற்கு விடையில்லை. அனுப்பியவர் மாமாவோ பக்கத்து வீட்டாரோ ஆவார். உத்தி எது என்றால், கண்காணிப்புக் கருவியின் பதிவுபோல உத்தியே இல்லாத தோற்றம். ஏன் அனுப்பப்படுகிறது என்பதற்கு அனுப்பியவர் உடனே கூறும் விடை, குழந்தைகளைக் காக்க என்பது. அவ்விடை பொய்யுமன்று. அன்பினால் அனுப்பப்பட்ட செய்தியே அங்குக் கொலைக்கருவியாயிற்று. தன்னலத்தையும் வணிக நோக்கத்தையும் கண்டறிவதற்கென அமைந்த வினா அன்பின் முன் செயலிழந்து நிற்கிறது.

தமிழில் ஊடகக் கல்வி பற்றி எழுதுவோர் குறள் 423ஐ மேற்கோளாகக் காட்டாமல் அமைவதரிது. நம் மரபில் இது முன்பே உண்டு என்னும் நிறைவோடு பலர் அங்கேயே நின்றுவிடுகின்றனர். பரிமேலழகரின் உரை வரை சென்றால் வேறொரு பயன் உண்டு. உறுதி தரும் பொருள் சிலபோது பகைவர் வாயிலும், கேடு தரும் பொருள் சிலபோது நண்பர் வாயிலும் கேட்கப்படும் என அவர் விளக்குகிறார். நண்பர் வாயிலிருந்து வரும் கேடு என்பதே 2018இன் சிக்கல். ஐந்து வினாக்களும் பகைவரை நோக்கியவை.

இந்நிகழ்வில் ஐயம் இல்லாமற் போயிற்று என்றும் கூறவியலாது. ஐயம் மிகுந்தே இருந்தது. அது தவறான இடத்தில் விழுந்தது. நன்னூல் கூறும் ஐயவினா இரண்டு வாய்ப்புகளையும் ஒருங்கே நிறுத்திக் கேட்பது. தொலைவில் தெரிவது மரக்கட்டையா மனிதனா என்பதுபோல. கூட்டம் அவ்வாறு கேட்கவில்லை. செய்தியை ஐயுறாமல் மனிதரை ஐயுற்றது. அமெரிக்க ஆய்வாளர் டேனா பாய்டு 2017இல் எழுதிய கட்டுரையொன்றில், ஐயுறக் கற்பித்ததே எதிர்விளைவைத் தந்துவிட்டதோ என்று வினவினார். எதையும் நம்பாதே என்று பயின்றவர் இறுதியில் தம் குழுவினரை மட்டும் நம்புகிறார் என்பது அவருடைய கவலை. ஐயத்தின் அளவைக் கூட்டுவது ஊடகக் கல்வியாகாது. அதன் இலக்கைத் தீர்மானிக்கப் பயிற்றுவதே தேவை.

தவற்றின் விலை

ஐந்தாண்டுகளுக்குப் பின், 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகக் காணொளிகள் வடமாநிலங்களில் பரவின. பீகார்ச் சட்டமன்றம் வரை அது எதிரொலித்தது. அம்மாநில அரசு அதிகாரிகள் குழுவைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் செ. சைலேந்திரபாபு அவை பொய்யெனத் தெளிவுபடுத்தினார். பரவிய காணொளிகளுள் ஒன்று பீகார்த் தொழிலாளர் இரு பிரிவினரிடையே நிகழ்ந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர் மக்களுக்கிடையே நிகழ்ந்தது எனக் காவல்துறை விளக்கியது.

தமிழ் வாசகர் இம்முறை மூலப்பத்திரம் கேட்டனர். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, பேசும் மொழி எது, உடை எப்பகுதியினது என்றெல்லாம் சமூக ஊடகங்களில் வினாக்கள் எழுந்தன. குற்றம் தம்மீது சுமத்தப்பட்டபோது எழுந்த அவ்வினாக்கள், 2018இல் குற்றம் பிறர்மீது சுமத்தப்பட்டபோது எழவில்லை. அம்பத்தூரிலும் திருமழிசையிலும் வடமாநிலத் தொழிலாளர் தமிழரோடு அருகருகே பணியாற்றுகின்றனர். ஒரே ரயில் பெட்டியில் பயணம் செய்யும் இருசாராருள் ஒரு சாராரின் கைப்பேசி மற்றவரைக் கடத்தல்காரராகவும், மற்றவரின் கைப்பேசி இவர்களைக் கொலைகாரராகவும் வெவ்வேறு ஆண்டுகளில் காட்டியது. இருசாராரும் தமக்கு எதிரான செய்தியை மட்டுமே ஆராய்ந்தனர்.

மனைக்கும் வதந்திக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது. மனை வாங்குவதில் தவறினால் இழப்பவர் வாங்குபவரே; வாழ்நாள் சேமிப்பு போகும். வதந்தியை நம்பி அனுப்பியதில் தவறினால் அனுப்பியவருக்கு இழப்பு ஏதுமில்லை. விலையைக் கொடுப்பவர் பெயரறியாத மூன்றாமவர். வினவும் திறன் இழப்பின் அச்சத்தால் இயங்குவதாயின், இழப்பு பிறருக்கு உரியதாகும்போது அது உறங்குவதில் வியப்பில்லை. எனவே ஐந்து வினாக்களோடு சேர்த்துக் கேட்க வேண்டிய ஆறாம் வினா: இது பொய்யாக இருந்தால் இழப்பவர் யார்? செய்தியின் மெய்ம்மையை அறிய இவ்வினா உதவாது. சரிபார்க்கும் பொறுப்பு எவ்வளவு என்பதை அளக்க உதவும். இழப்பு பெரிதாகவும் பிறருடையதாகவும் இருக்குமிடத்தில் சரிபார்க்காமல் அனுப்ப உரிமையில்லை என்னும் நிலைப்பாட்டை வகுப்பறையில் விவாதிக்க அது வாயிலாகும்.

பகிர்வைத் தூண்டும் செய்திகள் தாமே வினாவடிவில் அமைவதும் கவனிக்கத்தக்கது. குழந்தைகள்மேல் அக்கறை உள்ளவர் இதைப் பகிராமல் இருப்பாரா என்பதுபோல் முடியும் செய்தி வினவவில்லை, ஏவுகிறது. நன்னூலார் கூறும் ஏவல்வினா இதுவே. வினாக்குறி உள்ள இடமெல்லாம் வினவல் நிகழ்வதில்லை என்பதை மாணவர் இதனால் அறியலாம். 2018 சூலையில் வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாதவாறு வரையறுத்தது. ஏவலின் விரைவை அது குறைத்தது. ஏவலை ஏவல் என அறியும் திறனைத் தர எந்த நிறுவனத்தாலும் இயலாது.

வகுப்பறையில் வினா எவ்வாறு இறக்கிறது

வினாமுறை இந்தியச் சூழலில் பயன் தருகிறதா என்பதற்குச் சான்றுகள் முரண்பட்டவை. 2019 நாடாளுமன்றத் தேர்தல் காலத்தில் பீகாரில் 1,200க்கும் மேற்பட்டோரிடம் சுமித்ரா பத்ரிநாதன் நடத்திய கள ஆய்வில், ஏறத்தாழ ஒரு மணி நேர நேரடிப் பயிற்சி பொய்ச்செய்தியை அறியும் திறனைப் பொதுவாக உயர்த்தவில்லை. பாரதிய ஜனதா கட்சி ஆதரவாளரிடம் தம் சார்புக்கு ஏற்ற பொய்களை அறியும் திறன் பயிற்சிக்குப் பின் குறைந்தும் போயிற்று. இதனை ஒரு கட்சியினரின் இயல்பெனக் கொள்வது மேலோட்டமான படிப்பு. தமக்கு இணக்கமான செய்தியை வினவ மறுப்பது 2018இன் தமிழ்நாட்டிலும் கண்டதே. அதே ஆய்வாளர் பிறருடன் இணைந்து பின்னர்ப் பீகாரின் 583 ஊர்களில் 13,500 மாணவரிடம் நடத்திய ஆய்வு வேறு முடிவைத் தந்தது. பதினான்கு வாரங்களில் நான்கு வகுப்புகளாக அமைந்த அப்பயிற்சி, மாதங்கள் கடந்தபின்னும் நிலைத்தது. பெற்றோரிடமும் அதன் பயன் காணப்பட்டது.

இரு ஆய்வுகளையும் அருகே வைத்தால், வினாக்களின் சிறப்பைவிட அவை கேட்கப்படும் சூழலே முடிவைத் தீர்மானிக்கிறது எனத் தோன்றுகிறது. ஒரு மணி நேரத்தில் வழங்கப்படுவது தகவல். உடன்பயில்வோர் முன்னிலையில் வாரக்கணக்கில் தொடர்வது பழக்கம். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஆட்சியர் மீர் முகமது அலி 2018இல் ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் தொடங்கிய ‘சத்தியமேவ ஜெயதே’ திட்டமும், செய்தி சரிபார்ப்பைப் பள்ளியின் இயல்பான பணியாகக் கொண்டமையால் குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டின் பயிலரங்குப் பண்பாடோ ஒருநாள் நிகழ்வை விரும்புவது. குத்துவிளக்கு, வரவேற்புரை, சான்றிதழ் ஆகியவற்றுக்கிடையே ஐந்து வினாக்கள் ஒரு படவில்லையில் அடங்கிவிடுகின்றன.

தேர்வு இதனினும் பெரிய இடர். ஊடகச் செய்தியை ஆராய உதவும் ஐந்து வினாக்களை எழுதுக என்று ஐந்து மதிப்பெண் வினா வந்த கணமே அம்முறையின் உயிர் போய்விடும். தமிழில் வினாவிடை என்பது நெடிய வரலாறுடைய நூல்வகை. 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’ ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வடிவிலமைந்த போர்ச்சுகீசிய நூலின் தமிழாக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் ‘சைவ வினாவிடை’யை இயற்றினார். சமயங்கள் மாறினும் வடிவம் மாறவில்லை. விடை முன்பே முடிந்திருக்கும். வினா அதற்கு வாயிலாக நிற்கும். ஒரு கொள்கையைப் பிழையின்றி அடுத்த தலைமுறைக்குச் சேர்க்க அவ்வடிவம் பயன்பட்டது. துணைநூல்களும் வழிகாட்டிகளும் அதனைப் பள்ளிக்கல்வி முழுவதற்கும் பரப்பின. ஊடகக் கல்விக்கு அது பொருந்தாது.

நன்னூலின் சொற்களில் கூறுவதாயின், ஆசிரியர் தாம் விடை அறிந்து, மாணவர் அறிந்துள்ளாரா எனக் காணக் கேட்பது அறிவினா. தாம் அறியாததை அறியக் கேட்பது அறியாவினா. வகுப்பறை வினாக்கள் பெரும்பாலும் முதல்வகை. ஊடகச் செய்தியை ஆராயும் வினா, ஆசிரியரும் விடை அறியாதபோதே உண்மையான வினாவாகும். பொய்யென முன்பே மெய்ப்பிக்கப்பட்ட செய்தியைக் கொண்டுவந்து இது பொய்யா மெய்யா என்று கேட்கும் ஆசிரியர் ஐயவினாவின் தோற்றத்தில் அறிவினாவையே கேட்கிறார். மாணவர் செய்தியை நோக்காமல் ஆசிரியரின் முகத்தை நோக்கி விடை கூறுவர். வகுப்பில் காட்டப்படுபவை எல்லாம் பொய்யே என்று விரைவில் கற்றுக்கொண்டு, மெய்யான செய்தியையும் பொய்யெனத் தள்ளுவர். அன்று காலை வந்த, எவரும் இன்னும் சரிபார்க்காத செய்தியோடு வகுப்புக்குள் நுழைவது ஆசிரியருக்கு எளிதன்று. தெரியாது என்று மாணவர்முன் கூற வேண்டியிருக்கும். தமிழ்ச் சூழலில் அது சிறிய துணிவன்று.

வினவலின் எல்லை எது என்பது மற்றொரு சிக்கல். தமிழ்நாடு அரசு 2023இல் தகவல் சரிபார்ப்பகம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தது. ஒன்றிய அரசு தன்னைக் குறித்த செய்திகளைச் சரிபார்க்கத் தானே அமைப்பை நிறுவ வழிசெய்த விதித்திருத்தத்தை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. தன்னைப் பற்றிய செய்தியைத் தானே மெய் பொய் என முடிவுசெய்வது முறையா என்னும் கேள்வி இரு அரசுகளுக்கும் பொதுவானது. பயிலரங்குகள் கைப்பேசி வதந்தியைக் காட்டுமளவுக்கு அரசின் செய்திக்குறிப்பையோ நாளிதழின் முதற்பக்க விளம்பரத்தையோ காட்டுவதில்லை. வறியோர் அனுப்பும் செய்தியை மட்டும் வினவப் பயிற்றும் கல்வி அரைக்கல்வியே. பாடநூலும் ஒரு செய்திதான் என்று மாணவர் கூறும் நாளில் ஆசிரியர் என்ன செய்வார் என்பதைப் பயிற்சிக் கையேடுகள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆறாம் வினாவின் வரம்பு

முன்மொழியப்பட்ட ஆறாம் வினாவுக்கும் வரம்பு உண்டு. இழப்பவர் யார் என்று அறிந்தபின், அவர் இழக்கட்டும் என்று கருதுபவரிடம் இவ்வினா செயலற்றது. சாதி, சமய, மொழிப் பகைமையால் ஒருவர் பொய்யெனத் தெரிந்தே ஒரு செய்தியை அனுப்பும்போது அவரிடம் குறைவது ஊடக அறிவன்று. பழவேற்காட்டுக் கூட்டத்தில் பகைமையால் வந்தவர் எத்தனை பேர், அச்சத்தால் வந்தவர் எத்தனை பேர் என்பது வழக்கேடுகளிலிருந்தும் முழுமையாகத் தெரிய வாய்ப்பில்லை. அச்சத்தால் வந்தவரிடம் மட்டுமே இவ்வினா சென்று சேரும். பத்தாம் வகுப்பின் வினா, விடை வகைகள் பாடத்துக்கு ஒதுக்கப்படும் சில பாடவேளைகளில், மனை விளம்பரம் ஒன்றையும் கைப்பேசிச் செய்தி ஒன்றையும் அடுத்தடுத்து வைத்து, முதலாவதற்கு வீட்டில் எத்தனை கேள்விகள் கேட்டார்கள், இரண்டாவதற்கு எத்தனை கேட்டார்கள் என்று மாணவரையே எண்ணச் செய்வது வேப்பம்பட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவரால் இந்த வாரமே இயலும்.